அப்பாவோடு ஹூஸ்டன் பஃபலோ சோல்ஜர்ஸ் மியூசியத்தில் ஒரு சனிக்கிழமை

அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. பேர்லாண்ட் மீனாட்சி கோயில், நாசா, கால்வெஸ்டன் கடற்கரை எல்லாம் காட்டியாயிற்று. மால் என்றால் அவருக்குப் பிடிப்பதில்லை, வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். போன வாரம் அவரே கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல பட்டாளம் சம்பந்தமா பார்க்க எதுவுமே இல்லியா?"

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இந்திய ராணுவப் பொறியாளர் படையில் 18 வருஷம் சர்வீஸ் போட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கரோலைன் தெரு வழியாக எத்தனையோ முறை காரில் போயிருந்தும் பஃபலோ சோல்ஜர்ஸ் மியூசியம் இருக்கும் அந்தப் பெரிய செங்கல் கட்டடத்துக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. இந்தச் சனிக்கிழமைதான் அப்பாவையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. 1925இல் ஹூஸ்டன் லைட் கார்ட் என்ற உள்ளூர் வெள்ளையர் படைப்பிரிவுக்கு ஆயுதக் கிடங்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் கறுப்பின ஆள் ஒருவர் அந்தப் படையில் சேர்ந்திருக்கவே முடியாது. இன்று அதே சுவர்களுக்குள் கறுப்பினச் சிப்பாய்களின் படங்களும் சீருடைகளும் இருக்கின்றன. வியட்நாம் போரில் இருந்த பால் மேத்யூஸ் என்ற கேப்டன் தான் சேர்த்த பொருட்களை வைத்து 2001இல் தொடங்கிய மியூசியம் இது. 2012இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது.

பஃபலோ சோல்ஜர்ஸ் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருஷம், 1866இல், அமெரிக்க நாடாளுமன்றம் கறுப்பினத்தவருக்கென்று ஆறு ரெஜிமெண்ட்டுகளை உண்டாக்கியது. குதிரைப்படை இரண்டு, காலாட்படை நான்கு. மூன்று வருஷத்தில் அந்த நான்கு காலாட்படைகளையும் இரண்டாகச் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் மாதம் 13 டாலர். அதிகாரிகள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள். மேற்கே டெக்சாஸ், நியூ மெக்சிகோ பாலைவனங்களில் தந்திக் கம்பி இழுப்பது, ரோடு போடுவது, தபால் வண்டிக்குக் காவல் போவது என்று ஓடிக்கொண்டே இருந்தார்கள். பூர்வகுடிகளோடு சண்டையும் போட்டார்கள். எங்களைச் சுற்றிக் காட்டியவர் இந்த விஷயத்தை மூடி மறைக்கவில்லை. நேற்று வரை அடிமையாக இருந்தவனை இன்னொருவன் நிலத்தைப் பிடிக்க அனுப்பினார்கள் என்று நேராகவே சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியிருப்பார், கறுப்பினத்தவர், பழைய ராணுவக்காரர். அப்பா வாசலில் நின்ற நிலையைப் பார்த்ததுமே என்னிடம், "உங்கள் அப்பா ராணுவமா?" என்று கேட்டார். ஆமாம், என்ஜினியர்ஸ் என்றேன். உடனே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் இரண்டு மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளர்தான். பாதி நேரம் அதற்கும் தேவை இருக்கவில்லை. ஒரு பழைய சேணத்தின் முன்னால் நின்று இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். கம்பளியை எங்கே கட்டுவது, தண்ணீர்க் குப்பி எந்தப் பக்கம் தொங்கும் என்று.

அப்பா அதிக நேரம் நின்றது ஹென்றி ஃப்ளிப்பர் கதையைக் கேட்டபோதுதான். அடிமையாகப் பிறந்தவர். 1877இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அந்தக் காலம் முழுக்க உடன் படித்த வெள்ளை மாணவர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தாவது குதிரைப்படையில் சேர்ந்து ஒக்லஹோமா பக்கம் ஃபோர்ட் சில் கோட்டைக்குப் போனார். அங்கே தேங்கிய குட்டைகளால் மலேரியா, ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் முயன்றவர்களுக்குத் தண்ணீரை வெளியேற்ற வரவில்லை. ஃப்ளிப்பர் அளவெடுத்து ஒரு வாய்க்கால் வெட்டினார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது மேட்டை நோக்கி ஏறுவது போலத் தெரியும். தண்ணீரோ சரியாக ஓடிப் போய்விட்டது, காய்ச்சலும் அடங்கியது.

இதை நான் தமிழில் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. பேரனைப் பக்கத்தில் இழுத்து, உள்ளங்கையை லேசாகச் சாய்த்து வைத்துக் காட்டினார். "சுத்தி இருக்கிற நிலம் ஒரு பக்கமா சாஞ்சிருந்தா கண்ணு ஏமாந்துடும்டா. அப்போ கண்ணை நம்பக் கூடாது, லெவலைத்தான் நம்பணும். நூறு அடிக்கு ரெண்டு மூணு அங்குலம் சாய்வு கொடுத்தாலே தண்ணி போயிடும்." அவர் பெங்களூரில் பயிற்சியில் கற்ற பாடம் அது. எங்கள் ஊர் ஏரி வரத்துக் கால்வாய்க்கு ஓய்வுக்கு அப்புறம் அவரே கயிறு கட்டி மட்டம் பார்த்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த வாய்க்கால் இன்னும் இருக்கிறது, தேசிய வரலாற்றுச் சின்னமாக. ஆனால் அதை வெட்டியவரை 1882இல் ராணுவத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். டெக்சாஸில் ஃபோர்ட் டேவிஸில் அவர் பொறுப்பில் இருந்த பணத்தில் குறை என்று வழக்கு. கையாடல் செய்யவில்லை என்று கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றமே சொல்லிவிட்டு, அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று வேறொரு குற்றத்தில் வெளியே தள்ளியது. 1940இல் அவர் சாகும் வரை அந்தக் கறை போகவில்லை. 1999இல்தான் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். "செய்யாத தப்புக்கு மன்னிப்பா?" என்றார் அப்பா. நான் அதை மொழிபெயர்த்தேன். அந்தப் பெரியவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

என்னை உலுக்கியது கேத்தி வில்லியம்ஸ் என்ற பெண்ணின் கதை. 1866 நவம்பரில் பெயரைத் திருப்பிப் போட்டு வில்லியம் கேத்தி என்ற ஆணாகச் சொல்லிக்கொண்டு காலாட்படையில் சேர்ந்தவர். அம்மை போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். நியூ மெக்சிகோ வரை நடந்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டு வருஷம் அதிகாரிகள் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எனக்கு இது ஒரு கணம் நம்ப முடியாததாக இருந்தது. அப்புறம் யோசித்தால் புரிகிறது. அந்த நோயாளியை ஒழுங்காகத் தொட்டுப் பார்த்தவர் யாருமே இல்லை. 1868இல் ஒரு டாக்டர் கண்டுபிடித்த பின்புதான் வெளியே அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். கால் விரல்கள் எல்லாம் எடுக்கப்பட்டு ஊன்றுகோலோடு நடந்த பெண். அப்படி இருந்தும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீரிழிவு வார்டில் அப்படிப்பட்ட கால்களுக்கு எத்தனை முறை கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தக் காலோடு ஒருவர் பத்தடி நடப்பதே எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நிறைய நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். டோரிஸ் மில்லர் நம் டெக்சாஸ் வேகோக்காரர். கப்பல் சமையலறைப் பிரிவில் இருந்தவர், பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தபோது பயிற்சியே இல்லாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். என் மகனுக்கு அவர்தான் ஹீரோ. எனக்கு 6888ஆம் தபால் படையின் பெண்கள். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சேரிட்டி ஆடம்ஸ் என்ற அதிகாரியின் கீழ் 855 பெண்கள். அங்கே சிப்பாய்களுக்குப் போய்ச் சேராத தபால்கள் மலையாகக் கிடந்தன, ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் என்கிறார்கள். ஆறு மாசம் பிடிக்கும் என்ற வேலையை இரவு பகலாக மூன்று ஷிப்ட் போட்டு மூன்றே மாசத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இருந்தார்களாம், சர்வீஸ் நம்பரை வைத்துத்தான் பிரித்தார்கள். அப்பா அதற்குச் சிரித்தார். "எங்க யூனிட்டில முருகேசன் மட்டும் ஏழு பேரு. உங்கம்மா இன்லேண்டு லெட்டர்ல நம்பரை விட்டுட்டா, வேற முருகேசன் படிச்சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பான்." அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்தக் கடிதங்கள் இன்னும் ஊரில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதக் காரணம். கிளம்பும் நேரம், அந்தப் பெரியவர் அப்பாவிடம் எங்கெல்லாம் போஸ்டிங் இருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா பட்டியல் சொன்னார்: பெங்களூர், ஜம்மு, பட்டிண்டா, அப்புறம் இரண்டு வருஷம் மேல் அசாம், லெடோ பக்கம். லெடோ என்ற பெயரைக் கேட்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். "லெடோ ரோடு தெரியுமா?"

அப்பாவுக்குத் தெரியாமல் என்ன? பர்மா எல்லை பாங்சாவ் கணவாய் வரை அந்த ரோட்டில் வண்டியில் போயிருக்கிறார், மழைக்காலத்தில் சரிந்த மண்ணை வெட்டித் தள்ளியிருக்கிறார். அமெரிக்காக்காரன் போட்ட ரோடு என்று அங்கே எல்லாரும் சொல்வார்களாம். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குத் தரைவழி அறுந்துபோனது. அதற்காக 1942 டிசம்பரில் அமெரிக்க என்ஜினியர்கள் லெடோவில் வேலையைத் தொடங்கினார்கள். 1945 பிப்ரவரியில் முதல் வண்டி வரிசை சீனாவின் குன்மிங்குக்குப் போய்ச் சேர்ந்தது. 1,700 கிலோமீட்டருக்கு மேல். காடு, சேறு, அட்டை, மலேரியா. இதெல்லாம் அப்பா சொல்லி நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

அதைப் போட்ட சுமார் 15,000 அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் கறுப்பினத்தவர்கள். இதை நாங்கள் இருவரும் கேட்டது இந்தச் சனிக்கிழமைதான். 45ஆம் என்ஜினியர் ரெஜிமெண்ட், 823ஆம் விமானத்தள என்ஜினியர் பட்டாலியன் என்று அந்தப் பெரியவர் யூனிட் நம்பரையே சொன்னார். அவர்களோடு ஆயிரக்கணக்கில் இந்திய, பர்மிய, சீனத் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்த ரோட்டில் உயிரை விட்டார்கள். ரோட்டுக்கு வைத்த பெயர் ஸ்டில்வெல் ரோடு, அமெரிக்க ஜெனரலின் பெயர்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம் தமிழில் சொன்னார்: "அந்த ரோட்டுப் பாலத்துல நின்னு டீ குடிச்சிருக்கேம்மா. யாரு கட்டினான்னு ஒருத்தரைக் கேட்டதில்லை நானு." அதை மொழிபெயர்க்கும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாள், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். சுற்றிக் காட்ட ஆள் இருப்பாரா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். தனியாகச் சுற்றினால் பொருட்களைப் பார்ப்பீர்கள், ஆள் இருந்தால் மனிதர்களைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். மெமோரியல் பார்க்கில் வாக்கிங் போகும் நம் ஆட்கள் கட்டாயம் போக வேண்டும்.

காரணம் இதுதான். அந்தப் பார்க் இருக்கும் இடம் முதல் உலகப் போரின்போது கேம்ப் லோகன். 1917 ஜூலையில் அதைக் கட்டும்போது காவலுக்கு அனுப்பப்பட்டவர்கள் 24ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள். ஆகஸ்ட் 23ஆம் தேதி, ஒரு கறுப்பினப் பெண்ணைப் போலீஸ் இழுத்துப் போனதைத் தட்டிக்கேட்ட சிப்பாயை அடித்தார்கள். விசாரிக்கப் போன சார்ல்ஸ் பால்டிமோர் என்ற கார்ப்பரலையும் அடித்தார்கள், அவரை நோக்கிச் சுட்டார்கள். அவர் செத்துவிட்டார் என்று முகாமில் வதந்தி பரவ, அன்று இரவு நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஊருக்குள் நடந்தார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. அப்புறம் நடந்த விசாரணைகளில் 110 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. முதல் 13 பேரை டிசம்பர் 11 விடியற்காலையில், மேல்முறையீட்டுக்கு வழியே இல்லாமல், தூக்கில் போட்டார்கள். மொத்தம் 19 பேர். 2023 நவம்பரில் அந்த 110 தீர்ப்புகளையும் அமெரிக்க ராணுவமே ரத்து செய்தது.

அப்பா தினமும் காலை அங்கேதான் நடக்கிறார். நானும் இத்தனை வருஷம் அங்கே நடந்திருக்கிறேன்.

தூக்கிலிடப்பட்டவர்களில் 17 பேர் சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கல்லில் பெயரும் இறந்த தேதியும் மட்டுமே இருந்தன. ரேங்க் இல்லை, யூனிட் இல்லை, சொந்த ஊர் மாநிலம் இல்லை. 2024 பிப்ரவரியில் அவற்றை எடுத்துவிட்டு, எல்லாம் பொறித்த புதுக் கல் நட்டு ராணுவ மரியாதை செய்தார்கள். காரில் திரும்பும்போது அப்பா கேட்டது ஒன்றுதான்: "சான் அன்டோனியோ எவ்வளவு தூரம்மா?" மூன்று மணி நேரம் என்றேன். அவருக்கு அடுத்த மாதம் 9ஆம் தேதி ஃப்ளைட். அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன்.