நாலு இல்லை, ஒன்று: கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பார்மசி

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் பார்மசி. மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாவது ஆள் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். வருடக்கணக்காக அம்மாவின் மருந்துகளை இங்கேதான் வாங்குகிறேன். ஒரே ஒரு தடவை வேறு கடைக்குப் போனேன். அந்த ஒரு தடவைதான் இதை எழுத வைக்கிறது.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்துவிடும், போத்தல் மூடியைத் திறக்கக்கூட ஏலாது. கிளினிக்கில் அவவுக்குக் கொடுப்பது மெதோட்ரெக்சேட். 2.5 மில்லிகிராம் குளிசையில் நாலு, மொத்தம் 10 மில்லிகிராம், கிழமைக்கு ஒரே ஒரு நாள். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் தினமும் போடுகிறவருக்கு இது ஒன்று மட்டும் கிழமைக் கணக்கு. அதனால்தான் இந்த மருந்தில் பிழை விடுவது சுலபம். தவறுதலாகத் தினமும் போட்டாலோ அளவு கூடினாலோ வாயெல்லாம் புண்ணாகும், என்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைப்படும், வெண்குருதி அணுக்கள் குறைந்து சாதாரண தொற்றுக்கூட உயிருக்கு ஆபத்தாக முடியும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் இந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான்.

2022 நடுப்பகுதி, இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கிளினிக்கில் மருந்தும் இல்லை. "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார்கள். எங்கள் கடையிலும் முடிந்திருந்தது. நாலைந்து இடம் ஏறி இறங்கி, கடைசியில் நகரத்துக்குள் ஒரு பெரிய கடையில் கிடைத்தது. கவுன்டரில் நின்றவர், "எத்தனை போடுறவ?" என்று கேட்டார். "நாலு" என்றேன். உறையில் 4 என்று எழுதித் தந்தார். கிடைத்ததே பெரிய காரியம் என்று நடந்தே வந்தேன்.

வரும் வழியில் ஃபோலிக் அசிட் (மெதோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்கப் போடும் விட்டமின்) வாங்க எங்கள் கடையில் ஏறினேன். அங்கே மருந்தாளராக இருக்கும் மிஸ் சிங்களவர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். "டீச்சர், அந்த மருந்து கிடைச்சதா? காட்டுங்கோ பாக்க" என்றார். குளிசைக் காட்டை, அதாவது குளிசை அட்டையை, எடுத்து மேசை விளக்கின் கீழ் பிடித்தார். வெள்ளிநிறத் தாளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து. நகத்தை அதன் கீழே வைத்து மெதுவாக நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினார். 10. பிறகு என் பையிலிருந்த பழைய காட்டைப் பக்கத்தில் வைத்தார். 2.5. இரண்டிலும் ஒரே மாதிரிச் சின்ன மஞ்சள் குளிசை.

"டீச்சர், இது நாலு இல்ல. இது ஒன்னு."

அன்றைக்கு வியாழக்கிழமை. அடுத்த நாள் அம்மா நாலு போட்டிருப்பா, 40 மில்லிகிராம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கடைக் கதிரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மிஸ் பழைய உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். மருந்தின் பெயர், ஒரு குளிசையின் அளவு, எத்தனை, எந்த நாள், எல்லாம் தமிழில், இலக்கத்திலும் எழுத்திலும். "1 (ஒன்று). வெல்லிக்கிழமை மட்டும்." எழுதிவிட்டு உறையை என்னிடம் திருப்பி, "எழுத்து சரியா டீச்சர்?" என்றார். "ளகரம், மிஸ்" என்றேன். திருத்தினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த எழுத்து பிழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பதும் அவர் கேட்டுத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி நாள், அம்மா மறக்கவே மாட்டா. ஃபோலிக் அசிட் திங்கட்கிழமைக்கு. வாயில் புண், காய்ச்சல், தொண்டை நோ வந்தால் அடுத்த வெள்ளி வரை காத்திராமல், அடுத்த அளவைப் போடாமல், உடனே டொக்டரிடம் போகச் சொன்னார். நோவுக்கென்று வேறு குளிசைகளைத் தன்னிடம் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றும் சொன்னார்.

தமிழில் எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தமிழ் இந்த நாட்டில் 1987 முதல் அரச கரும மொழி. ஆனால் மருந்து உறைகள் எத்தனை சிங்களத்தில் மட்டும் வருகின்றன! இல்லாவிட்டால் "1 × 2" என்று ஒரு கிறுக்கல். ஒன்று இரண்டு தரமா, இரண்டு ஒரு தரமா? அம்மா போன்ற ஒருவர் தனியாக வீட்டிலிருந்தால் யாரிடம் கேட்பது? மருந்தின் கம்பனிப் பெயரோடு மூலப் பெயரையும் இங்கே எழுதுகிறார்கள். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்திய வழக்கம் அது, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதிலிருந்து பேசப்படுவது. கம்பனி மாறிப் பெட்டியின் நிறம் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று அம்மாவுக்கு இப்போது தெரியும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தரம் போடும் ஆபத்தும் இல்லை.

போன மழைக்காலம் தங்கச்சியின் மகளுக்குக் காய்ச்சல். பாணி மருந்து கேட்டுப் போனேன். வயதைக் கேட்கவில்லை, நிறையைக் கேட்டார். தெரியாது என்றதும் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லித் தராசில் ஏற்றினார். 12 கிலோ. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிட்டமோல், ஆக 180. இந்தப் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120, ஆகவே 7.5 மில்லிலீற்றர் என்று எழுதிக் காட்டினார். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம் என்று ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுத் தந்தார். ஆறு மணித்தியாலத்துக்கு முன் திரும்பக் கொடுக்கக்கூடாது. காய்ச்சலுக்கும் நோவுக்கும் கொடுக்கும் இபுப்ரோஃபன் கேட்டதற்கு, தரவே மாட்டேன் என்றுவிட்டார். டெங்கு என்றால் அது இரத்தக் கசிவைக் கூட்டும். 2017இல் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த நாட்டில் அந்தப் பிடிவாதம் சரியானது.

குறையும் சொல்ல வேண்டும். கடை மெதுவாகத்தான் நகரும். பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் அரை மணித்தியாலம் போகும். வட்ஸ்அப்பில் துண்டின் படத்தை அனுப்பினால் மருந்து கட்டி வைக்க மாட்டார்கள், அசல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிஸ் இல்லை, அன்றைக்கு நிற்கும் தம்பி பனடோலும் பிளாஸ்டரும் மட்டும்தான் தருவார். ஒரு ஞாயிறு அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். "மிஸ் பாக்காம தர ஏலாது அக்கா" என்று நின்ற இடத்திலேயே நின்றார். இப்போது அவரைக் கண்டால் எனக்கு மரியாதை.

விலை மற்றக் கடைகளைப் போலத்தான். இல்லாத மருந்துக்கு அரச மருந்துக்கடையான ஒசு சல போகச் சொல்லி, எந்த அளவில் வாங்க வேண்டும் என்று துண்டில் கோடிட்டு அனுப்புவார். முதல் தடவை போகிறவர்கள் வீட்டிலிருக்கிற பழைய உறைகளையும் வெறும் காட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். மிஸ் கட்டாயம் கேட்பார்.