‘தானே காய்க்கும் கிவி’க்குக் கொடுத்த 4,800 ரூபாய்

இன்னைக்குக் காலையில மூணு பூ விரிஞ்சுது. மூணும் ஆண் பூ!

‘ஜெனி’ங்கிற கிவி ரகம், ஒட்டுச்செடி, துணைச்செடியே வேணாம், ஒத்தைக் கொடியிலேயே காய்க்கும்னு சொல்லி ஒரு ஆன்லைன் நர்சரி வித்தது. ரெண்டு செடி 4,800 ரூபாய்.

கிவியில பொதுவா ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. பெண் பூவோட நடுவுல மகரந்தத்தை வாங்குற சூல்முடிகள் வெள்ளையா குடைக்கம்பி மாதிரி விரிஞ்சு நிக்கும். அதுக்கு அடியில பூனைமுடி படர்ந்த குட்டி உருண்டை இருக்கும், அதுதான் பின்னால காயாகும். ஆண் பூவுல நடுவுல ஒண்ணும் தேறாது, சுத்தி மஞ்சள் மகரந்தப்பைகள் மட்டும்தான். ஜெனியா இருந்தா உருண்டையும் இருக்கணும், வேலை செய்யுற மகரந்தமும் இருக்கணும். பூக்கிறதுக்கு முன்னாடி இதைக் கண்ணால கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதுலதான் பிழைக்கிறானுங்க.

ஜனவரியில பார்சல் வந்தப்போ ரெண்டும் இலையில்லாத குச்சி. குளிர்காலத்துல இலை உதிர்க்கிற கொடி, அதுல சந்தேகம் வரல. அடித்தண்டுல ஒட்டு டேப் நேர்த்தியா சுத்தியிருந்துது. அந்த டேப்பைப் பார்த்துத்தான் நம்பினேன். ஊட்டிக் குளிருக்கு ஜம்முனு வரும்னு ஆறடிக் கல்தூண் நட்டு, குறுக்குச்சட்டம் போட்டு, கம்பி இழுத்துப் பந்தலும் ரெடி.

பூவைப் பார்த்த கையோட டேப்பை உரிச்சேன். உள்ள வெட்டு இல்ல, தழும்பு இல்ல, வேர்லேர்ந்து மேல வரைக்கும் ஒரே பட்டை. ஒட்டே கட்டாத தண்டுல சும்மா டேப்பைச் சுத்தி அனுப்பியிருக்கானுங்க. ரெண்டுலயும்!

போன் பண்ணினா, “இடம் மாறின அதிர்ச்சி சார், அடுத்த வருஷம் பெண் பூ வரும்.” அப்புறம், “பொட்டாஷ் பத்தலை, போடுங்க.” பொட்டாஷ் போட்டா ஆண் கொடி பெண்ணாகுமாய்யா? போட்டோ அனுப்பினேன். “ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்.” செடி வந்த ஏழு நாள்ல பூக்குமா? சாயங்காலம் நம்பரை பிளாக் பண்ணிட்டான். 4,800 ரூபாய் போச்சு.

வாங்கப் போறவங்களுக்கு, கோபத்துல தோணுறதை மட்டும் சொல்றேன். ஒட்டுன்னு சொன்னா, செடி வந்த அன்னைக்கே டேப்பை ஒரு ஓரம் விலக்கி ஒட்டுத்தழும்பு தெரியுதான்னு பாருங்க, மறுபடி இறுக்கிச் சுத்திடலாம். பார்சலைப் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. ‘சென்னை மாடியிலயும் காய்க்கும்’னு விளம்பரத்துல இருந்தா அங்கேயே விட்டுடுங்க. கடையில பரவலா கிடைக்கிற ஹேவர்ட் கிவி ரகத்துக்கு 7 டிகிரிக்குக் கீழ 700 மணி நேரத்துக்கு மேல குளிர் வேணும். தானே காய்க்கிற ரகத்துக்கும் குளிர்காலம் இல்லாம நடக்காது. விதைக்கன்னுன்னா ஆணா பெண்ணான்னு தெரியவே வருஷக்கணக்காகும். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீங்க.

கொடியைப் பிடுங்கப் போறதில்ல. வேர் நல்லாப் பிடிச்சிருக்கு. வர்ற ஜனவரியில, மொட்டு உறங்குறப்போ, காய்ச்ச கொடியில இருந்து கண்ணால பார்த்து வெட்டின பெண் குச்சியை இதுமேல ஆப்பு ஒட்டுக் கட்டணும், அதாவது தண்டைப் பிளந்து குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகணும். டேப்பை நானே சுத்திக்கிறேன்.