512 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட்: ஆண்டுக்கணக்கில் ஓட்டியபின்

512 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி விண்டோஸில் 476 ஜிபியாகத்தான் தெரியும். அதை இரண்டு சிஸ்டத்துக்கும் பங்கு போடும்போது முதல் நாள் ரூட்டுக்கு (மின்ட் சிஸ்டம் உட்காரும் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி) எவ்வளவு ஒதுக்குகிறோமோ, அதுதான் கடைசிவரை கூடவே வரும்.

ரூட்டுக்கு 30 ஜிபி ஆரம்பத்தில் தாராளமாகத் தெரியும். பிறகு ஃப்ளாட்பேக் வடிவில் போடும் செயலிகள், டைம்ஷிஃப்ட் எடுத்துவைக்கும் ஸ்னாப்ஷாட்கள் (சிஸ்டத்தின் மீட்புப் பிரதிகள்), நீக்காமல் விட்ட பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) என்று சேர்ந்துகொண்டே போகும். ரூட் நிரம்பினால் அப்டேட் பாதியில் நிற்கும். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். கஞ்சத்தனம் பார்க்காமல் 80 ஜிபி கொடுங்கள்.

பிறகு விரித்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். காலியிடம் ரூட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் கருவியில் சில நொடி வேலை. சி டிரைவைச் சுருக்கி எடுத்த இடம் இடப்பக்கம்தான் கிடைக்கும். அப்போது பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும், உள்ளே இருக்கும் டேட்டா முழுவதும் இடம் மாறும். மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் அந்தப் பார்ட்டிஷனை மறந்துவிட வேண்டியதுதான். பேக்கப் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். பாதி டிரைவ் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று அது சொன்னால், நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். டிரைவை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்பதைச் சுருக்கும் முன்பே பார்த்து, 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

மின்ட்டை இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனை (பூட் ஃபைல்கள் இருக்கும் சிறு பகுதி) ஃபார்மட் செய்யாமல் அப்படியே பயன்படுத்துங்கள். 100 எம்பி இருந்தாலும் போதும், மின்ட் தன் கெர்னலை அதில் வைப்பதில்லை.

விண்டோஸைச் சீக்கிரம் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்காவிட்டால் ஷட்டவுன் செய்த விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. மின்ட்டில் அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத விடாது.

மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்தங்கி நிற்கும். மின்ட் யுடிசி நேரத்தை (உலகப் பொது நேரம்) மதர்போர்டில் எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். இரண்டில் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது.

விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, எந்த சிஸ்டம் என்று கேட்கும் க்ரப் மெனு வராமல் போகலாம். பெரும்பாலும் அது அழிந்திருக்காது, பூட் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸில் மின்ட் என்று தேடாதீர்கள். உபுண்டு என்ற பெயரில் இருக்கும். அதை மேலே ஏற்றுங்கள்.