அகராதியைச் சுருக்குவதா, புத்தகத்தைக் கொளுத்துவதா?

மொழியை வைத்து ஆளும் அதிகாரம் பற்றிப் பேச, காரைக்குடி வாசகர் வட்டத்துக்கு இரண்டு நாவல்கள் கைவசம் இருக்கின்றன: ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949), ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953).

ஆர்வெல் காட்டும் அதிகாரம் அவசரப்படாது. உட்கார்ந்து அகராதியைக் கத்தரிக்கும். அந்த வேலையைச் செய்யும் சைம், சாப்பாட்டு நேரத்தில் கதாநாயகன் வின்ஸ்டனிடம் பெருமையடிக்கிறான்: 'நல்ல' இருக்கும்போது 'கெட்ட' எதற்கு, 'நல்லதல்லாத' போதுமே! நாவலின் பின்னிணைப்பு சொல்கிறபடி 'விடுதலை'யும் மிஞ்சும்; நாய்க்குப் பேனிலிருந்து விடுதலை என்கிற அளவுக்கு. இவ்வளவு தெளிவாக யோசிப்பவனை ஆளும் கட்சி விட்டுவைக்குமா? சைமும் ஒருநாள் காணாமல் போகிறான்.

பிராட்பரியிடம் கத்தரி இல்லை, நெருப்புதான். தீயணைப்புப் படையே புத்தகங்களை எரிக்கிறது. ஆனால் என்னை உறுத்துவது அந்தப் படையின் கேப்டன் பீட்டி சொல்லும் காரணம்: தடை மேலிருந்து வரவில்லை, சனங்களே சுருக்கங்களுக்குப் பழகி வாசிப்பைக் கைவிட்டார்கள். (ரீல்ஸ் பார்க்கும் நமக்கு இது சுருக்கென்று தைக்கும்.) கடைசியில் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடமாகச் சுமப்பவர்கள் வருகிறார்கள். 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊரில், ஏட்டைப் பார்க்காமல் பாட்டுச் சொல்பவர்களைக் கேட்டவர்களுக்கு அது கற்பனையாகவே தோன்றாது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன.

விறுவிறுப்புக்கு பிராட்பரி, சரி. ஆனால் மொழியை வைத்து ஆளும் அதிகாரம் என்ற நம் பேச்சுக்கு ஆர்வெல்தான் என் ஓட்டு. '1984'-இன் அந்தப் பின்னிணைப்பைத் தாண்டிவிடாதீர்கள். அது இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது; அப்படியானால் அந்த ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று வாதாடுபவர்கள் உண்டு. ஒரு சாயங்காலச் சண்டைக்கு அது போதும்.