வாழைப்பழத்துக்கு நியாயம்: சலுகையா, முத்திரையா, சங்கமா?

லண்டனில் நான் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழம் மூன்று குவியலாக இருக்கும். ஒன்றில் பச்சைத் தவளை ஸ்டிக்கர், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ். இன்னொன்றில் நீலமும் பச்சையுமாக ஒரு வட்டம், ஃபேர்ட்ரேட். மூன்றாவதில் கம்பெனி பெயர் மட்டும். விலையில் சில பென்ஸ் வித்தியாசம். உரித்தால் மூன்றும் ஒன்றுதான்: கேவண்டிஷ், நம்ம ஊரில் மோரிஸ் என்று விற்கும் பழத்தின் பங்காளி. பூவனும் ரஸ்தாளியும் தின்று வளர்ந்த நாக்குக்கு மூன்றுமே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எந்த ஸ்டிக்கரை எடுப்பது நியாயம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் பாதிதான் இருக்கிறது. வாழை விளைவிப்பவனுக்கு நியாயம் கிடைக்க மூன்று வழிகள் நடைமுறையில் பார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் ஸ்டிக்கர். மற்ற இரண்டும் கடை அலமாரியில் கண்ணுக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் எங்கள் பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் பூவன் போட்டவர். பதினோரு மாதம், பன்னிரண்டு மாதம் கன்றிலிருந்து காத்து வளர்ப்பார். தாரை வெட்டி மண்டியில் இறக்கிய நிமிஷத்திலிருந்து விலையில் அவருக்கு வாய் கிடையாது. ஏலம் கூவுகிறவரும் எடுக்கிறவரும் பல வருஷம் பழகியவர்கள். கமிஷன் போகும், இறக்குகூலி போகும், எண்ணிக்கையில் இரண்டு தார் காணாமலும் போகும். கேட்டால் "அடிபட்டது" என்பார்கள். "வேற மண்டிக்குக் கொண்டு போகலாமே பெரியப்பா" என்று ஒருமுறை கேட்டேன். "வெட்டின காய் காத்திருக்காதுடா" என்றார். நெல்லை மூட்டை கட்டி விலை ஏறும்வரை வைக்கலாம். வாழைத்தாரை வைக்க முடியாது. உலக வாழை வியாபாரத்தின் அநியாயங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

முதல் வழி, சலுகை. கரீபியன் கடலில் செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று விண்ட்வர்ட் தீவுகள். எரிமலை மண், செங்குத்தான சரிவு, குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஏக்கர். இயந்திரம் ஏறாது, தண்ணீர் பாய்ச்ச வாய்க்கால் கிடையாது. லத்தீன் அமெரிக்காவின் சமவெளித் தோட்டங்களோடு விலையில் போட்டி போடவே முடியாது. ஆனாலும் 1950களிலிருந்து கீஸ்ட் கம்பெனியின் கப்பல் வந்து பழத்தை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனது. பிரிட்டன் தன் சந்தையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கியதுதான் காரணம். ஐரோப்பா தன் முன்னாள் காலனி நாடுகளோடு போட்ட 1975 லோமே ஒப்பந்தம் அந்த ஏற்பாட்டை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வாக்குறுதியாகவே ஆக்கியது.

அந்தத் தீவுகளில் வாழைக்குப் 'பச்சைத் தங்கம்' என்று பேர். வருஷத்துக்கு ஒரு அறுவடை என்றில்லை, கப்பல் வாரம் தவறாமல் வரும். கப்பல் வந்தால் கையில் காசு. நிலத்திலேயே சீப்பு பிரித்து, துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்குவதில் பெண்கள் கை அதிகம். காசும் அவர்கள் கைக்கு வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, சிமென்ட் வீடு, தெரு முனையில் ஒரு மளிகைக் கடை எல்லாம் அந்த வாரக் காசில் வந்தவை. எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். கப்பல் ஒருவரிடம், பழுக்க வைக்கும் கிடங்கும் அவரிடமே. ஆனால் அடுத்த வாரமும் விற்கும் என்ற நிச்சயம் இருந்தது. பெரியப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஜெர்மனிக்கு இது என்றைக்குமே பிடிக்கவில்லை. மலிவான லத்தீன் அமெரிக்கப் பழத்தை வரியில்லாமல் தின்ன வேண்டும் என்பதற்காக 1957 ரோம் உடன்படிக்கையிலேயே தனியாக ஒரு வாழைப்பழப் பின்னிணைப்பை வாங்கி வைத்துக்கொண்ட நாடு அது. 1993இல் ஐரோப்பா முழுக்க ஒரே விதி வந்ததும் தகராறு பெரிதானது. 1996இல் ஈக்வடார், குவாதமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோவோடு சேர்ந்து அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. ஏற்றுமதிக்கு வாழை விளைவிக்காத நாட்டுக்கு இதில் என்ன வேலை? லத்தீன் அமெரிக்க வாழையை விற்கும் சிக்கிட்டா ஒரு அமெரிக்கக் கம்பெனி. அதன் அப்போதைய தலைவர் இரண்டு கட்சிகளுக்குமே நன்கொடை கொடுத்துவந்தவர். 1997இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது. 1999இல் ஆண்டுக்கு 191.4 மில்லியன் டாலர் அளவுக்கு ஐரோப்பியப் பொருள்கள்மீது தண்டவரி போட அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. கைப்பை, படுக்கை விரிப்பு, பேட்டரி செய்தவர்கள் எல்லாம் வாழைப்பழத்துக்காக அடி வாங்கினார்கள். கடைசியில் 2009 ஜெனீவா உடன்பாட்டில், லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு டன்னுக்கு 176 யூரோவாக இருந்த வரியைப் படிப்படியாக 114க்கு இறக்க ஐரோப்பா ஒத்துக்கொண்டது.

1990களின் தொடக்கத்தில் அந்தத் தீவுகளில் இருபதாயிரத்துக்கும் மேல் வாழை விவசாயிகள் இருந்தார்கள். பதினைந்து வருஷத்தில் சில ஆயிரமாகச் சுருங்கினார்கள். ஈக்வடார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே தோட்டத்தில் கூலிக்கு நிற்பவன் தீவு விவசாயியைவிட ஏழை. ஆனால் வழக்கில் ஜெயித்த காசு அந்தக் கூலிக்காரன் கைக்குப் போனதா என்றால், அதுதான் இல்லை.

இரண்டாவது வழியான முத்திரை, இந்த இடிபாட்டின் நடுவில் முளைத்தது. 1996இல் நெதர்லாந்தில் முதல் ஃபேர்ட்ரேட் வாழைப்பழம் கடைக்கு வந்தது. 2000இல் பிரிட்டனுக்கும் வந்தது. சலுகை போன விண்ட்வர்ட் விவசாயிகளில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் இதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

தவளையும் வட்டமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வட்டத்தில் தரைவிலை உண்டு: சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு கோடு. அதற்கு மேல் 18.14 கிலோ பெட்டிக்கு ஒரு டாலர் பிரீமியம். அந்தப் பணம் விவசாயிகள் சங்கத்துக்கோ தோட்டத் தொழிலாளர் குழுவுக்கோ போகும், எதில் செலவிடுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். தவளையில் தரைவிலை கிடையாது. அது முதலில் காடு, மண், ஆறு, பூச்சிமருந்து பற்றிய முத்திரை. கூலி, வேலைநேரம் பற்றிய விதிகளும் உண்டு. வாங்குகிறவர் கூடுதல் தொகை தர வேண்டும் என்றும் சமீபத்தில் சேர்த்திருக்கிறார்கள். சிக்கிட்டா 1992இலேயே அந்தத் திட்டத்தில் சேர்ந்து, 2000க்குள் தன் சொந்தத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கிவிட்டது. ஆறுகளுக்கு அது நல்லது. தவளைக்கும் நல்லது. தார் சுமப்பவனுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சரி, வட்டமே மேல் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு ஏறக்குறைய நூறு பழம்; ஒரு டாலர் என்றால் பழத்துக்கு ஒரு சென்ட். பெரு நாட்டின் பியூராவில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் இயற்கை முறையில் வாழை போடும் குடும்பங்களுக்கு அந்த ஒரு சென்ட் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. முன்பு வெளிக் கம்பெனி ஆள் வைத்து வெட்டி, பெட்டி கட்டிக்கொண்டு போவான். பிறகு கூட்டுறவுச் சங்கங்களே அந்த வேலைகளைக் கையில் எடுத்து, நேரடி ஏற்றுமதிக்கும் வந்தன. சிறு விவசாயிக்கு முத்திரை நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்தாத இடம் இரண்டு. முத்திரை வாங்கிய தோட்டம் தன் விளைச்சல் முழுவதையும் முத்திரை விலைக்கு விற்பதில்லை; வாங்குகிறவர் கேட்கும் அளவுக்குத்தான். மிச்சம் சாதாரண விலைக்குப் போகும். அப்புறம், அந்த விவசாயியிடம் கூலிக்கு வருபவன். டொமினிக்கன் குடியரசில் முத்திரைப் பழத்தை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் எல்லை தாண்டி வந்த ஹைட்டிக்காரர்கள், பலரிடம் காகிதம் கிடையாது. தரைவிலை விவசாயிக்கு, அவனிடம் வேலை செய்பவனுக்கு அது தானாக வழிந்து போகாது.

மூன்றாவது வழி, தொழிலாளர் சங்கம். அதைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போக வேண்டும். அங்கே வாழைத்தார் தலையில் போவதில்லை, கம்பியில் போகிறது. ஒருவர் மரத்தைப் பாதியில் வெட்டிச் சாய்க்க, இன்னொருவர் மெத்தை வைத்த தோளில் தாரை வாங்குவார். நீல பிளாஸ்டிக் உறையோடு அதைக் கம்பிவடத்தில் கொக்கி போட்டு மாட்டுவார். இருபது, இருபத்தைந்து தார் சேர்ந்ததும் ரயில் மாதிரி ஆகிவிடும். இடுப்பில் பட்டை கட்டிய ஒரு ஆள் அதை இழுத்துக்கொண்டு கொட்டகை வரை ஓடுவார். கொட்டகையில் பெண்கள் பால் வடியும் சீப்புகளைத் தொட்டியில் அலசி, எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காலை முதல் மாலை வரை கை தண்ணீரில். சம்பளம் பெரும்பாலும் பெட்டிக் கணக்கு.

1928இல் கொலம்பியாவின் சியேனகா பகுதியில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? எழுத்தில் ஒப்பந்தம், ஒரு நாள் ஓய்வு, கம்பெனிக் கடைச் சீட்டுக்குப் பதில் ரொக்கம். கம்பெனியின் பதில்: "இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள்." இந்தப் பதிலுக்குக் கிட்டத்தட்ட நூறு வயதாகிறது, நம்ம ஊர் ஆலை வாசலிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. டிசம்பரில் ராணுவம் கூட்டத்தின்மீது சுட்டது. செத்தவர்கள் 47 பேர் என்றார் தளபதி. ஆயிரத்துக்கு மேல் என்றது அமெரிக்கத் தூதரகத் தகவல்.

1954இல் ஹோண்டுராஸில் நடந்தது வேறு மாதிரி முடிந்தது. அதே கம்பெனியின் கப்பலில் பழம் ஏற்றும் துறைமுகத் தொழிலாளர்கள் ஓய்வுநாள் வேலைக்கு இரட்டைக் கூலி கேட்டதில் பற்றிய தீ, தோட்டங்களுக்குப் பரவி 69 நாள் எரிந்தது. கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது, சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. கப்பல் நின்றால் பழம் அழுகும். பெரியப்பாவைத் தோற்கடித்த அதே விஷயம், பத்தாயிரக்கணக்கான பேர் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது கம்பெனியின் கழுத்துக்கு வந்தது. காத்திருக்க முடியாத பண்டம் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் நஷ்டம். பழத்தைத் தனியாளாக விற்கிறவனுக்கு அது பலவீனம். உழைப்பைச் சேர்ந்து விற்கிறவனுக்கு அதுவே பலம். மூன்று வழிகளில் சங்கத்தை நான் மேலே வைப்பது இதனால்தான்.

கொலம்பியாவின் உராபா வட்டாரத்தில் சிந்த்ராயினாக்ரோ சங்கம் தோட்டம் தோட்டமாகப் பேசாமல் தொழிலுக்கே சேர்த்து ஒரு ஒப்பந்தம் போடுகிறது. குவாதமாலாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் பார்க்கலாம். வடக்கே பழைய சங்கத் தோட்டங்கள், தெற்குக் கடற்கரையில் சங்கமில்லாத புதுத் தோட்டங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, தெற்கில் மணிக்கூலி வடக்கில் பாதிகூட இல்லை, வேலையோ வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கூடுதல் என்று கணக்குக் காட்டியது. பழம் ஒன்று, மண் ஒன்று, சட்டமும் ஒன்று.

இந்த வழிக்குத்தான் உயிர் விலையாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உராபாவிலும் குவாதமாலாவிலும் சங்கத் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கொலம்பியாவில் துணை ராணுவக் கும்பலுக்குப் பணம் கொடுத்ததாகச் சிக்கிட்டாவே 2007இல் ஒப்புக்கொண்டு 25 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. அந்தக் கும்பல் கொன்றவர்களின் குடும்பங்களுக்கு 38.3 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று ஃபுளோரிடா ஜூரி சொன்னது 2024இல்தான். ஈக்வடாரில் இவ்வளவுகூட வேண்டாம். சங்கம் தொடங்கக் குறைந்தது 30 பேர் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்ற சட்டமே போதும். தோட்டத்தைப் பல கம்பெனிப் பெயர்களில் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றையும் ஒரே கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம்: சூறைக்காற்று அடித்தால்? வாழைக்காரனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. சலுகைக் காலத்தில் விண்ட்வர்ட் தீவுகளில் பயிர்க் காப்பீடு இருந்தது, மரம் சாய்ந்தால் ஓரளவு பணம் வரும், சந்தையில் இடமும் காத்திருக்கும். 2010இல் தாமஸ் புயல் செயின்ட் லூசியாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் புரட்டிப் போட்டபோது முத்திரை இருந்தது, ஆனால் விற்கப் பழம் இல்லை. விற்காத பெட்டிக்கு பிரீமியம் வராது. சங்க ஒப்பந்தம் இருக்கும் தோட்டத்தில் வேலை போகாமல் பேச ஒரு மேஜையாவது இருக்கும். மண் வழியே பரவி வாழையைக் கொல்லும் பனாமா வாடல் நோய்க்கும் இதே கணக்குதான். 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பெருவிலும் புது வகை தலைகாட்டிவிட்டது. பெரிய தோட்டம் வாசலில் கிருமிநாசினித் தொட்டி கட்டும். ஒரு ஹெக்டேர்க்காரன் என்ன கட்டுவான்?

கடையில் நான் எடுப்பது வட்டம் போட்டது. அலமாரியில் இருப்பதில் அதுதான் தேவலை என்பதால். செயின்ட் லூசியா என்று எழுதிய பழத்தை அந்தக் கடையில் பார்த்துப் பல வருஷமாகிறது.

உலகத்திலேயே அதிகம் வாழை விளையும் நாடு இந்தியா. ஏறக்குறைய எல்லாவற்றையும் நாமே தின்றுவிடுகிறோம். அதனால் சலுகை, முத்திரை, வழக்கு எதுவும் நம் விவசாயியை அதிகம் தொடுவதில்லை. பெரியப்பா மகன் பூவனை விட்டுவிட்டு இப்போது ஜி9 என்ற கேவண்டிஷ் ரகம் போடுகிறான். திசு வளர்ப்புக் கன்று, சொட்டுநீர், தாருக்கு உறை, எல்லாம் உண்டு. மண்டிக்குப் போக வேண்டாம், வியாபாரி வண்டி தோட்டத்துக்கே வருகிறதாம். விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடுமாம். போன முறை பேசியபோது, விலை வருவது தாரை வெட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன்.

"வெட்டின பிறகுதான்ண்ணே" என்றான்.