கருப்பையை நிறுப்பதா, புராஸ்டேட்டை நிறுப்பதா?

கொசுவிரட்டியில் உள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி ஹார்மோனைக் குலைக்கிறதா? பார்க்க இரண்டு எலிச் சோதனைகள் உண்டு. கருப்பைச் சோதனையில் சினைப்பை நீக்கிய பெண் எலிக்கு 3 நாள் பூச்சிக்கொல்லி கொடுத்து, மறுநாள் கருப்பையை நிறுப்பார்கள். எடை கூடியிருந்தால் அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்திருக்கிறது. சட்டென முடியும், அவ்வளவுதான்.

ஹெர்ஷ்பெர்கர் சோதனைக்கு 10 நாள். விதை நீக்கிய இளம் ஆண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, கூடவே பூச்சிக்கொல்லி. பிறகு புராஸ்டேட், விந்துப்பை உட்பட 5 திசுக்களை நிறுப்பார்கள். ஊசி போட்டும் அவை சரியாக வளராவிட்டால், ஆண் ஹார்மோனை ஏதோ மறிக்கிறது. விந்துப்பையைத் திரவத்தோடு நிறுக்க வேண்டும். அறுக்கும்போது சிந்தினால் எடை பொய்யாகிவிடும். கை நடுங்குபவருக்கு இந்த வேலை ஆகாது!

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து உருவாகும் டிடிஇ போன்ற ஆண் ஹார்மோன் எதிரிகள் மாட்டுவது இதில்தான்.