"வருமானத்தை நான் பார்த்துக்கிறேன் அண்ணா": ஒபாமாகேர் ஏஜென்ட்டை நம்பிச் சேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் வேலை போய், மார்க்கெட்பிளேஸில் (ஒபாமாகேர் சட்டப்படி காப்பீடு எடுக்கும் அரசுச் சந்தை) மானியத்தோடு மருத்துவக் காப்பீடு எடுத்த நம்மவர்கள் இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். வேறு மாநிலத்தில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

2025 மார்ச் கடைசியில் எனக்கு வேலை போனது. கம்பெனி இன்சூரன்ஸ் ஏப்ரல் 30 வரைக்கும்தான். வேலை போன பிறகும் முழு விலையையும் நாமே கட்டி அதையே தொடரும் கோப்ரா வழி இருக்கிறது என்று கடிதம் வந்தது. நாலு பேருக்கு மாதம் 2,300 டாலருக்கு மேல் கேட்டார்கள். மூத்தவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டபோது, "நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் இருக்கார், தமிழ்லயே பேசுவார், காசு எதுவும் கேக்க மாட்டார்" என்று நம்பர் கொடுத்தார்கள். அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒருவரோடு இது முடியவும் இல்லை.

காசு கேட்க மாட்டார் என்பது உண்மைதான். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. எத்தனை பேரைச் சேர்த்துவிடுகிறாரோ, அவர்கள் எத்தனை மாதம் இருக்கிறார்களோ, அதற்கேற்ப அவருக்குப் பணம் வரும். ஆண்டு முடிவில் உங்கள் வரிக்கணக்கு இடித்தால் அதில் அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னவளின் நீச்சல் வகுப்பு வாசலில் காரில் உட்கார்ந்திருந்தபோது அவர் கூப்பிட்டார். இருபது நிமிடம் பேசியிருப்போம். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், வேலையிழப்புக் கடிதத்தின் போட்டோ எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். வருமானம் என்று வந்ததும் நானே சொல்ல ஆரம்பித்தேன்: வேலையை விட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸ் பணம் வந்திருக்கிறது, வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், ஜூலையில் ஒரு கான்ட்ராக்ட் கிடைக்கலாம், மனைவி பகுதிநேரமாக வேலை பார்க்கிறாள், ஊர் வங்கியில் வெளிநாட்டு இந்தியருக்கான என்ஆர்இ வைப்புத்தொகை (எஃப்டி) இருக்கிறது.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணா. இப்ப உங்களுக்கு வேலை இல்ல, அவ்வளவுதானே? வருமானத்தை நான் பார்த்துக்கிறேன்."

பத்து நிமிடத்தில் மெசேஜ் வந்தது. சில்வர் என்ற நடுத்தர ரக பிளான், நாலு பேருக்கும் சேர்த்து மாதம் 54 டாலர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "நெஜமாவே 54தானா?" என்றாள். அந்தக் கேள்வியை அப்போதே பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் முதல் அடி. மூத்தவனுக்கு இரவெல்லாம் இழுப்பு. காலையில் எட்டு வருடமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். கவுன்ட்டரில் இருந்த அம்மா கார்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த பிளானை நாங்கள் எடுப்பதில்லை என்றார். அது எச்எம்ஓ பிளான். எமர்ஜென்சி தவிர, நெட்வொர்க்குக்கு வெளியே போனால் கம்பெனி ஒரு டாலர்கூடத் தராது. பையன் நாற்காலியில் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கைக்காசு கொடுத்துப் பார்த்தோம், நெபுலைசர் வைத்ததோடு சேர்த்து 420 டாலர். சேரும்போது டாக்டர் பெயரை நான் சொல்லியிருந்தேன். "எல்லாரும் எடுப்பாங்க அண்ணா" என்றுதான் பதில் வந்தது.

ஜூலையில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அந்தக் கன்சல்டன்சியில் இன்சூரன்ஸ் கிடையாது. அன்றைக்கே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: வேலை கிடைத்துவிட்டது, மணிக்கு இவ்வளவு சம்பளம், அப்ளிகேஷனில் மாற்றிவிடுங்கள். "பண்ணிட்டேன் அண்ணா" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. மாதத் தொகை மட்டும் 54 டாலரிலேயே நின்றது. ஏன் மாறவில்லை என்று கேட்டதற்கு, "அது அடுத்த வருஷத்துலதான் தெரியும்" என்றார். அது பொய். வருமானம் மாறினால் 30 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த மாதத்திலிருந்தே மானியம் மாறிவிடும்.

ஜனவரி கடைசியில் தபாலில் 1095-ஏ என்ற படிவம் வந்தது. மார்க்கெட்பிளேஸில் சேர்ந்த எல்லோருக்கும் வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாதாமாதம் மூன்று தொகைகள் அதில் இருக்கும். என்னுடையதில் பிளானின் முழு விலை 1,400. அடுத்தது எங்கள் பகுதியில் இரண்டாவது மலிவான சில்வர் பிளானின் விலை, 1,480. மூன்றாவது, அரசு எனக்காகக் கம்பெனிக்கு முன்கூட்டியே கட்டிய மானியம், 1,346. மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதமும் இதே எண்கள். ஜூலையில் மாற்றியதாகச் சொன்னாரே, அதற்கு அடையாளமே இல்லை.

வரிக்கணக்கு பார்ப்பவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு வருமானம்னு சொல்லிச் சேர்ந்தீங்க?" எனக்குத் தெரியவில்லை. மார்க்கெட்பிளேஸ் கால் சென்டரில் ஒரு மணி நேரம் காத்திருந்து கேட்டேன். 66,000 டாலர் என்றார்கள். கணக்கில் இருந்த ஈமெயிலைப் படித்துக் காட்டினார்கள். என் பெயருக்குப் பின்னால் நாலு எண் சேர்த்து யாரோ உருவாக்கிய முகவரி, நான் பார்த்ததே இல்லை. மார்க்கெட்பிளேஸ் அனுப்பிய நோட்டீஸ்கள் எல்லாம் அங்கேதான் போயிருக்கின்றன.

அந்த 66,000 எங்கிருந்து வந்தது என்பதை வரிக்கணக்குக்காரர் ஊகித்துச் சொன்னார். டெக்சஸில் நாலு பேர் குடும்பத்தின் வருமானத்தை அதற்குக் கீழே அதிகம் இறக்கினால் பிள்ளைகள் சிப் என்ற குழந்தைகளுக்கான மாநிலக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு மானியமும் கிடைக்காது, ஏஜென்ட்டின் கணக்கிலும் வர மாட்டார்கள். அப்படிப் போய்விடாதபடி அந்த எண்ணை நிறுத்தியிருக்கிறார்.

இந்த மானியம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு பட்ட பிறகுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். இது இலவசம் இல்லை, வரிச் சலுகையை முன்பணமாகத் தருகிறார்கள். இன்றைக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை மொத்தக் குடும்பத்துக்கும் வந்த வருமானம்தான் கணக்கு. வேலை போவதற்கு முந்தைய சம்பளமும் அதில் சேரும், செவரன்ஸும் சேரும், வேலையில்லா உதவித்தொகையும் சேரும். அந்த வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, இரண்டாவது மலிவான சில்வர் பிளானின் விலையில் அது போக மீதிதான் மானியம். ஆண்டு முடிந்ததும் 8962 படிவத்தில் உண்மை வருமானத்தைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாக வாங்கியிருந்தால் வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

எங்கள் உண்மை வருமானம் 1,21,000 டாலர். அதோடு ஊரில் உள்ள என்ஆர்இ வைப்புத்தொகையின் வட்டி 4,900 டாலர். இதை நம்மவர்கள் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, சரி. நாம் அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்கள் என்றால் இங்கே அது முழு வருமானம். ஊரில் மனையை விற்று லாபம் வந்தாலும் அப்படித்தான்.

மொத்தம் 1,25,900. இந்த வருமானத்துக்கு எங்கள் பங்கு 8.5 சதவீதம், மாதம் 892 டாலர். ஆக எனக்குச் சேர வேண்டிய மானியம் 588 மட்டும், வாங்கியதோ 1,346. மாதம் 758 வீதம் எட்டு மாதத்துக்கு 6,064 டாலர் திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்த எண்ணைக் கேட்டதும் மனைவி பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒரு வழியை வரிக்கணக்குக்காரர் கண்டுபிடித்தார். 2025 வரை, வருமானம் வறுமைக்கோட்டின் நாலு மடங்குக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எங்களுக்கு அந்தக் கோடு 1,24,800, அதிகபட்சம் 3,250 டாலர். நாங்கள் 1,100 டாலரில் கோட்டைத் தாண்டியிருந்தோம், அதுவும் என்ஆர்இ வட்டியால். ஏப்ரல் 15-க்குள் பாரம்பரிய ஐஆர்ஏ ஓய்வுக் கணக்கில் போடும் பணத்தைப் போன ஆண்டு வருமானத்திலிருந்து கழிக்கலாம். 1,200 டாலர் போட்டோம், வருமானம் 1,24,700 ஆனது, பில் 3,250-க்கு இறங்கியது. கட்டிவிட்டோம். பாதி தப்பித்தோம் என்பதே அவர் செய்த உதவி, அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

இப்போது 2026-இல் சேர்ந்திருப்பவர்களிடம் நேராகப் பேசுகிறேன். எனக்குக் கிடைத்த அந்த வழி உங்களுக்கு இல்லை. 2021-இல் கொண்டுவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2026-இல் வறுமைக்கோட்டின் நாலு மடங்கைத் தாண்டினால் மானியமே கிடையாது. இரண்டு பேருக்கு அந்தக் கோடு 84,600, மூன்று பேருக்கு 1,06,600, நாலு பேருக்கு 1,28,600 டாலர். ஒரு டாலர் தாண்டினாலும் ஆண்டு முழுக்க வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2025 ஜூலையில் வந்த சட்டம் திருப்பிக் கட்டுவதற்கான உச்சவரம்பையும் எல்லோருக்கும் எடுத்துவிட்டது. கோட்டுக்குக் கீழே இருந்தாலும், கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு டாலரையும் கேட்பார்கள். போனஸ் வந்தால், ஷேர் விற்றால், புது வேலை கிடைத்தால் அந்த வாரமே உள்ளே போய் மாற்றுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஐஆர்ஏ, 401(கே) ஓய்வுக் கணக்குகள் வழியாகக் கீழே வர முடியுமா என்று டிசம்பருக்கு முன்னாலேயே பாருங்கள்.

எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு 2026 டிசம்பர் வரை மானியத்துக்குத் தகுதி உண்டு. 2027 ஜனவரி முதல் இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தொடரும். "விசா ஒரு பிரச்சினையே இல்ல" என்று எந்த ஏஜென்ட்டாவது 2027-க்குச் சேர்த்துவிடப் பார்த்தால் போனை வைத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைவிடப் பெரிய இடி. ஐந்து ஆண்டு ஆகாததால் மெடிக்கெய்ட் என்ற குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு கிடைக்காதவர்களுக்கு, வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் 2025 வரை மானியம் கொடுத்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து அது நின்றுவிட்டது. அவர்களைத் தனிக் குடும்பமாகக் காட்டிச் சேர்த்திருந்தால் உடனே போய்ப் பாருங்கள். அவர்கள் பெயரில் இல்லாத ஒரு வருமானத்தை ஏஜென்ட் எழுதியிருந்தால், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த வயதானவர்கள்தான்.

கம்பெனி இன்சூரன்ஸ் கிடைக்கும் வேலையில் கணவனோ மனைவியோ இருந்தால், அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு இங்கே மானியம் வாங்குவதும் ஆபத்து. அந்தக் கம்பெனி இன்சூரன்ஸுக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை குடும்ப வருமானத்தில் 9.96 சதவீதத்துக்குள் அடங்கினால், 2026-இல் உங்களுக்கு மானியத் தகுதி இல்லை.

ஏஜென்ட் மேல் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மார்க்கெட்பிளேஸிலும் டெக்சஸ் காப்பீட்டுத் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அப்ளிகேஷனில் உள்ள விவரங்களை வாடிக்கையாளர் பார்த்து உறுதி செய்தார் என்பதற்கான பதிவை ஏஜென்ட் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லி மூன்று முறை எழுதினேன். மெசேஜைப் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. எனக்குத் தெரியாமலே சேர்த்திருந்தால் அந்த 1095-ஏவையே ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். நான் சம்மதித்துச் சேர்ந்ததால் அந்த வழி இல்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் 1-800-318-2596-க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேச வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் போலச் சில மாநிலங்களுக்குத் தனித் தளமும் தனி எண்ணும் உண்டு. மூன்றே கேள்வி கேளுங்கள்: என் பெயரில் என்ன வருமானம் எழுதியிருக்கிறது, எந்த ஈமெயில் இருக்கிறது, எந்த ஏஜென்ட்டின் பெயர் இருக்கிறது? கணக்கே இல்லை என்று சொன்னால் இன்னும் மோசம், உங்களுக்கு விற்றது மார்க்கெட்பிளேஸ் பிளானே இல்லை. நாளுக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை தரும் ஏதோ ஒன்றை இன்சூரன்ஸ் என்று விற்றிருப்பார்கள்.

எங்கள் கணக்கில் இப்போது என் ஈமெயில் இருக்கிறது, ஏஜென்ட் பெயரை எடுத்துவிட்டேன். 2026-க்கு மாதம் 910 டாலர் கட்டுகிறோம், பையனின் டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறார். வருமானம் என்ற கட்டத்தில் உள்ள எண்ணை மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் போட்டோம், என்ஆர்இ வட்டியோடு.